மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை

மகனே, நீ அனுப்பிய மரவியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்நேரம் அவனே உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பான். அதற்குத்தான் நீ எனக்கு விடாமல் போன் போட்டாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அப்புறம் நீ நினைத்ததைத்தான் செய்வாய். கடிதம் என்றால் அப்படி நடுவில் வைக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. மாசி பிறந்ததும் திரும்ப வருவதாக அந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் உனக்கு இது தெரிய வேண்டும்.

பொங்கலுக்கு நீ குடும்பத்தோடு வந்திருந்தாய். ராகி அறுத்து முடித்த தாள்கட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மேட்டு நிலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். நானும் பைத்தியக்காரி மாதிரி, பிள்ளைக்கு நிலத்தின் மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக் கரும்பை நறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றேன். நீ என்ன கேட்டாய் தெரியுமா? "ஏம்மா, மரத்தையெல்லாம் வரப்பு மேல வெக்காம எதுக்கும்மா நட்டநடுக் கொல்லையில கொண்டாந்து வெச்சே? டிராக்டர் திரும்பவே எடமில்ல. டிரைவரு அடுத்த வருசம் வரமாட்டேங்கிறான்" என்றாய். அவன் வராவிட்டால் வேறு ஆள் வருவான் என்றேன். அதை நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தைலமரம் வைக்கலாம் என்றாய். தண்ணீர் கட்ட வேண்டாம், களை எடுக்க வேண்டாம், ஆள் தேட வேண்டாம், கம்பெனிக்காரனே வந்து வெட்டிக்கொண்டு போவான், நான் ஓசூருக்கு வந்து உங்கள் மாடி வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "மரம் மரம்னுதானே எப்பவும் சொல்லிக்கினு இருக்கே. அதான் கொல்லை முழுக்க மரமாவே வெச்சுத் தரேன்" என்றாய். உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்ததற்கு நான் கோபப்படவில்லை என்று எழுதினால் அது பொய். அவள் சிரித்ததையும் மறக்க மாட்டேன், அன்றைக்கு அவள் கட்டியிருந்த பச்சைப் புடவையையும் மறக்க மாட்டேன். என் குணம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தச் சிரிப்பைவிட, நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அதுதான் இத்தனை நாளாக என்னை அரிக்கிறது. நியாயமான கேள்விதான் கேட்டாய். ஊரில் யாரும் மரத்தை நிலத்துக்கு நடுவில் வைப்பதில்லை. நான் வைத்தேன். அதற்குக் காரணம் உன் பெரியப்பா.

உன் தாத்தா உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்தார்கள். நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். நம் வாசலில் பாய் விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். நிலத்துக்குச் சீட்டுப் போட்டார்கள். கிணற்றில் யாருக்கு எப்போது முறை என்று பேசினார்கள். மாடு, ஏர், ஆட்டுக்கல், பித்தளை அண்டா வரைக்கும் பேசி முடித்தார்கள். மேட்டு நிலம் நமக்கு, கீழ் நிலம் பெரியப்பாவுக்கு என்று விழுந்தது. கீழ் நிலத்தில்தான் மண் நல்ல மண். ஆனாலும் எனக்கு வருத்தம் இல்லை. மேட்டு நிலத்தைச் சுற்றி வரப்பு முழுக்கப் புங்கனும் வேம்பும் வரிசையாக நின்றன. நிலத்துக்கு உரமாகப் போடத் தழை இருக்கிறது, அடுப்புக்கு மிளார்க் குச்சி இருக்கிறது, ஆட்டுக்குக் கொத்து இருக்கிறது, இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் கஞ்சித் தூக்கோடு நிலத்துக்குப் போனால் உன் பெரியப்பா மரம் வெட்டும் ஆட்களோடு நிற்கிறார். இரண்டு மரம் ஏற்கெனவே கீழே கிடக்கிறது.

"என்ன மாமா, எங்க பங்குல வந்து கத்தி வெக்கிறீங்க?" என்று கேட்டேன். கணவருடைய அண்ணனை அப்படிக் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. கேட்டுவிட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நிலம்னுதானே பேசினாங்க. மரத்தைப் பத்தி யாரும் பேசலியே. நட்டவன் நானு. நட்டவனுதுதான் மரம்." நான் ஓடிப்போய் உன் அப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் வந்தார், பார்த்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அண்ணன் வெச்ச மரம்தானே. போவட்டும் வுடு" என்றார். அந்த "வுடு" இன்னும் என் காதில் கிடக்கிறது. உன் அப்பா நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். அவர் நல்லவராக இருந்ததற்கெல்லாம் நான்தான் பாடுபட்டேன். பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஆமாம், மரத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை, பேச்சில் வராதது நட்டவனுக்குத்தான், அதுதான் நம் பக்கத்து வழக்கம் என்று சொல்லிவிட்டார்கள். மரமெல்லாம் செங்கல் சூளைக்குப் போனது.

அதற்கப்புறம் அந்த நிலம் பட்ட பாட்டை நீ பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் நினைவிருக்கிற வயதில்லை. வரப்பில் வேர் பிடித்திருந்த மண் முதல் கோடை மழையிலேயே உடைந்துபோனது. மேல்மண் எல்லாம் கரைந்து கீழே யாருடைய நிலத்துக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? உன் பெரியப்பா நிலத்துக்குத்தான். மரத்தை எடுத்தார், மண் தானாகவே அவரைத் தேடிப் போனது. கதிர் பிடிக்கிற நேரத்தில் மழையோடு காற்று அடித்தால் ராகி பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. தடுக்க ஒன்றும் இல்லை. தழைக்கும் வழியில்லை, உரம் வாங்கவும் வழியில்லை. பசு மாட்டைக் கோடையில் விற்றோம். நீ பாலுக்கு அழுதாய். நான் விறகு பொறுக்கக் கரட்டு மலைக்குப் போனேன். வழியில் உன் பெரியம்மா எதிரே வந்தால் விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு, அவள் போகும் வரைக்கும் அங்கேயே நின்று அவளைப் பார்ப்பேன். அவள் ஒரு நாளும் நிமிர்ந்ததில்லை.

அப்புறம்தான் நான் நட ஆரம்பித்தேன். மார்க்கண்டேய ஆற்றோரத்தில் புங்கங்கொட்டை பொறுக்கி வந்து போட்டேன். வேப்பஞ்செடி தானாக முளைத்திருந்ததைப் பெயர்த்து வந்தேன். சீத்தாப்பழம் தின்ற கொட்டையை முந்தானையில் முடிந்து வைத்து ஊன்றினேன். காவேரிப்பட்டினத்தில் இருந்து ஒட்டு மாங்கன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் வரப்பில் ஒன்றுகூட வைக்கவில்லை. வரப்பு என்றால் பக்கத்து நிலத்துக்காரனுக்கும் ஒரு பேச்சு இருக்கும், நாளைக்கு யாராவது வந்து இது என் பக்கம், என் கரை என்பான். அதனால் வரப்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே, மழைத்தண்ணீர் அரித்துக்கொண்டு ஓடிய தடத்திலேயே வரிசை வரிசையாக வைத்தேன். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஏர் தாராளமாகப் போகிற மாதிரி இடம் விட்டேன். உன் அப்பா வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே, "கொல்லைக்குள்ள மரம் வெக்கிறவள இப்பதான் பாக்கறேன். வுட்டா அடுப்புலகூட ஒண்ணு நட்டுருவா போலிருக்குது" என்றார். "நீங்க வுடு வுடுன்னு சொன்னதாலதான் இங்க வந்து நிக்கறேன்" என்றேன். எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஆக, இது ஏதோ பெரிய யோசனை செய்து நட்டது இல்லை மகனே. வீம்புக்கு நட்டது. என்ன நன்மை வரும் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரிய வைத்தது அந்த மரங்களேதான்.

முதலில் எனக்கே அவை பிடிகொடுக்கவில்லை. கன்று மரமாகித் தழைத்ததும், நிழலில் நின்ற ராகி வெளுத்துப் போய்க் கதிர் சிறுத்தது. பெரியப்பா வரப்பில் நின்று, "நெழல்ல ராகி வெளையுமா, காளான்தான் வெளையும்" என்று சொல்லிச் சிரித்தார். மரத்தை வெட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன், அந்தச் சிரிப்பால்தான் வெட்டவில்லை. அடுத்த வருஷம் விதைப்புக்கு முன்னால் தொரட்டியும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு கிளையெல்லாம் கழித்தேன். நுனியில் கொஞ்சம் கொத்தை மட்டும் விட்டுவிட்டு மரத்தை மொட்டையாக்கினேன். தழையை நிலத்தில் பரப்பி மடக்கி உழுதேன். மிளாரைக் கட்டி வீட்டுக்குப் போட்டேன். ராகிக்கு வெளிச்சம் கிடைத்தது, தழை மக்கி உரமானது. ராகி அறுக்கிற நேரத்தில் மரம் மறுபடியும் தழைத்து, கோடையில் வெறும் நிலமாகக் கிடக்கும்போது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழலாக நின்றது. பயிர் இருக்கும்போது மரம் ஒதுங்கி நிற்கும், பயிர் இல்லாதபோது மரம் விரிந்து நிற்கும். வருஷா வருஷம் ஆனி மாதத்தில் கிளை கழிப்பது அப்படித்தான் வந்தது. நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தழை அள்ளியிருக்கிறாய். இப்போது நீ எப்போது வருகிறாய்? பொங்கலுக்கு வருகிறாய், மே மாதம் பிள்ளைக்கு லீவு விட்டால் வருகிறாய். இரண்டும் மரம் விரிந்து நிற்கிற காலம். அதைப் பார்த்துவிட்டு, பயிருக்கு வெயில் படுவதில்லை என்று எனக்கே சொல்கிறாய். விதைப்புக்கு ஒரு வருஷமாவது வந்திருந்தால் அந்தப் பேச்சு உன் வாயில் வந்திருக்காது.

ஆள் கிடைப்பதில்லை என்றாய். அது எனக்குத் தெரியாதா? விடிந்தால் கம்பெனி வண்டி வந்து ஊரில் இருக்கிற வயசுப் பெண்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சம் இருக்கிற பொம்பளைகளைக் களை எடுக்கக் கூப்பிட நாலு வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் நம் நிலத்துக்கு அவர்கள் முதலில் வருகிறார்கள். ஏன் என்று ஒருத்தியிடம் கேட்டேன். "உங்க கொல்லையிலதான் பெரியம்மா தூளி கட்ட மரம் இருக்குது, சோறு தின்ன நெழல் இருக்குது. மத்த கொல்லையில புள்ளைய எங்க போடறது, தலமேலயா?" என்றாள். அதுதான் காரணம். நான் நல்லவள் என்று வரவில்லை, என் வாய்க்குப் பயந்தவர்கள்தான் அதிகம். நிழலுக்கு வருகிறார்கள். ராகிக்குள் நான் போடும் அவரைச் சாலுக்கு மருந்து அடிக்கிறேனா என்று எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கொம்பில் உட்கார்ந்திருக்கிற கரிச்சான் குருவி ஒரு புழுவை விடாது. பக்கத்தில் வெட்டவெளியாகக் கிடக்கும் நிலத்துக்காரர்கள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். குருவி உட்கார ஒரு குச்சி வேண்டாமா? மண்ணும் அப்படித்தான். ஒவ்வொரு மர வரிசைக்கும் மேல் பக்கம் மண் தங்கித் தங்கி, சரிவாக இருந்த நிலம் இப்போது படிப்படியாக நிற்கிறது. நீ டிராக்டர் திரும்பவில்லை என்று சொன்ன அந்த மேடு ஒவ்வொன்றும் பெரியப்பா நிலத்துக்குப் போகாமல் நான் பிடித்துவைத்த மண்.

மழை தொடர்ந்து பொய்த்த அந்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம். ஊரில் போர் போட்டவன் எல்லாம் இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று போட்டுப் புழுதிதான் கண்டான். தக்காளி வைத்தவன் செடியை மாட்டை விட்டு மேய்த்தான். நம் ராகியும் கருகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மரம் இருந்தால் மழை வந்துவிடாது. ஆனால் மர வரிசையை ஒட்டித் தழைச் சருகு மூடியிருந்த இடத்தில் போட்ட கொள்ளு, பனியிலேயே காய்த்தது. வேம்பும் அகத்தியும் கல்யாண முருங்கையும் ஆடுகளைக் காப்பாற்றின. ஊரில் பாதிப் பட்டி காலியானபோது நம் பட்டியில் ஒரு ஆட்டையும் நான் விற்கவில்லை. பயிர் என்னைக் கைவிட்ட வருஷம் மரம் கொடுத்தது. மாங்காய் விலை விழுந்து கூழ் ஆலை வாசலில் லாரி லாரியாக நின்ற வருஷம் ராகி கொடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் என்னைக் கைவிட்டதில்லை.

இது உனக்குத் தெரியாத விஷயமா என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. போன வருஷம் உன் கம்பெனியில் ஆர்டர் நின்றது. ஒரே சாமானைச் செய்கிற கம்பெனி, அதை வாங்குகிறவன் ஒரே ஆள், அவன் வேண்டாம் என்றதும் உங்களை எல்லாம் வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஓ.டி. போயிற்று, கம்பெனி பஸ்ஸும் குறைந்தது. நீ இங்கே வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க மாட்டாய், அப்பா மாதிரி. நான்தான் ராகி மூட்டை, அவரைக்கொட்டை, கொள்ளு, புளி, மாங்காய் என்று பஸ் மேல் ஏற்றி அனுப்பினேன். அத்தனையும் இந்த ஒரே நிலத்தில் இருந்து போனது. "எங்கேம்மா இவ்வளவு வெச்சிருந்தே" என்று போனில் கேட்டாய். அன்றைக்கு உன் குரல் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதே வாயால் இன்றைக்கு, நிலம் முழுக்க ஒரே மரம், வாங்குகிறவன் ஒரே கம்பெனிக்காரன் என்கிறாய். பட்ட பிறகும் அதே குழியில் காலை வைக்கிறேன் என்றால் நான் என்ன செய்வது?

தைலமரம் எப்படி இருக்கும் என்று பார்க்க நீ எங்கேயும் போக வேண்டாம். உன் பெரியப்பாவின் கீழ் நிலத்தைப் பார். பிள்ளைகள் பெங்களூர் போனதும் வைத்தார். நேராக வளர்ந்திருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு புல் இல்லை, ஒரு குருவிச் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் ஒட்டி இருக்கிற நம் ராகி சில சால் தூரம் வரைக்கும் முழங்காலுக்கு மேல் வருவதில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கியதற்கு அந்த மரம் காரணமா, ஊரெல்லாம் போட்ட போர் காரணமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. ஆனால் ஊரிலேயே அவரோடு இருக்கிற மருமகள் கோடையில் ஆட்டுக்கு வேப்பங்கொத்து கேட்டு என்னிடம்தான் வருகிறாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் இல்லை என்று சொன்னதில்லை. "ஒடிச்சுக்கோ. ஆனா உங்க மாமனார்கிட்ட சொல்லிடு, தழைன்னுதான் பேசினோம், கெளையப் பத்திப் பேசல" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்காது. அவருக்கு விளங்கும்.

மரம் வேண்டும் என்று நான் சொன்னால் உங்களுக்கு நிலம் முழுக்க மரம் என்று தோன்றுகிறது. பயிர் வேண்டும் என்று சொன்னால் மரமே இல்லாத வெட்டவெளி என்று தோன்றுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? சேர்ந்து இருந்தால் வேலை அதிகம்தான். கழிக்க வேண்டும், பார்த்து உழ வேண்டும், எதை எங்கே விதைப்பது என்று வருஷா வருஷம் யோசிக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் நீ பயப்படுகிறாய். மரத்தின் மேல் ஏன் பழி போடுகிறாய்?

இப்போது வியாபாரி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நான் சந்தைக்குப் போயிருந்தபோது அவன் வந்து எல்லா மரத்துக்கும் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தேன். என் மரமெல்லாம் நெற்றியில் வெள்ளையோடு நிற்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டெம்போவில் மிஷின் ரம்பத்தோடு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். கோலார் பக்கத்து ஆள், பாதி கன்னடம் பாதி தமிழ். "அம்மா, மகன் சொல்லித்தானே நானு பந்தே. பட்டா அவர் பேர்ல இருக்குது, பார்த்துட்டுத்தான் பேசினேன்" என்றான். ஆமாம், பட்டா உன் பேரில்தான் இருக்கிறது. உன் அப்பா போன பிறகு, இதே வாசலில் நாலு பேரை வைத்து, நிலம் பிள்ளைக்கு என்று சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

நான் அவனிடம் கேட்டேன்: "பட்டாவுல என்னப்பா எழுதியிருக்குது?"

"நிலம் உங்க மகனுதுன்னு."

"மரம் யாருதுன்னு எழுதியிருக்குதா?"

அவன் சிரித்தான். "நிலம் அவருதுன்னா மரமும் அவருதுதானேம்மா."

"அது உங்க ஊர்ல. எங்க ஊர்ல நிலம்னு பேசினா நிலம்தான். மரத்தைப் பத்தி அன்னிக்கு யாரும் பேசல. நட்டவ நானு." யாருடைய வார்த்தை என் வாயில் வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். வியாபாரி, ஊரில் பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுவிடலாம் என்றான். இருக்கிறவர்களில் மூத்தவர் யார்? உன் பெரியப்பாதான். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் வந்து நின்றார். இப்போது பார்வை சரியில்லை. வியாபாரி விஷயத்தைச் சொன்னான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலம் யாருக்கோ மரமும் அவனுக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டால் மரம் என் கையை விட்டுப் போய்விடும். ஆனால் அப்படிச் சொன்னால், அன்றைக்கு அவர் நம் பங்கில் வந்து வெட்டியது திருட்டு என்று அவர் வாயாலேயே ஊர் நடுவில் ஒத்துக்கொண்டது ஆகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அங்கே நின்றவர்களில் வேறு யாருக்கும் தெரியாது. கடைசியில், "மரம் நட்டவங்களுதுதான்பா. இந்தப் பக்கத்து வழக்கம் அது. அந்தம்மா வேணாங்குதுன்னா கத்தி வெக்காதே" என்றார். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். அவர் எனக்கு உபகாரம் செய்தார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரை நான் மன்னித்ததாகவும் நினைத்துக்கொள்ளாதே. அவருக்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான். வியாபாரி, உன்னிடம் பேசிவிட்டு மாசியில் வருவதாகச் சொல்லிப் போனான்.

ஆக, உன் பெரியப்பா எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்துவிட்டேன். கோபம் வந்தால் கோபப்படு. உன் மனைவியிடம் சொல்லி என்னைத் திட்டிக்கொள். பாகத்தில் மரத்தைப் பேசாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று பட்டுத் தெரிந்தவள், உனக்கு எழுதிக் கொடுக்கும்போது மட்டும் ஏன் பேசாமல் விட்டேன் என்று நீ கேட்கலாம். நான் மறந்துபோய் விடவில்லை. எனக்கு எதுவும் மறக்காது.

ஓசூருக்கு நான் வரவில்லை. முட்டி வலி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. உன் டிராக்டருக்காக ஒன்று செய்கிறேன். கிணற்று மேட்டுப் பக்கம் வரிசைக் கடைசியில் இருக்கிற வேம்பு உண்மையிலேயே இடைஞ்சலான இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கலாம், நானே ஆள் வைத்து எடுத்துத் தருகிறேன். வண்டி திரும்ப அது போதும். மற்றதில் கை வைக்காதே. ஆனியில் கிளை கழிக்கும்போது நாலு நாள் லீவு போட்டு வா. உன் மகளையும் கூட்டி வா, தழை அள்ளட்டும். கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று சொல்லாதே, ஆர்டர் இல்லாதபோது கேட்காமலே கொடுத்தார்களே.

மரத்தில் இருக்கிற சுண்ணாம்பை நான் கழுவவில்லை. நீ வந்து பார்க்கும் வரைக்கும் இருக்கட்டும். அந்த வேம்பை எடுத்த பிறகு, வண்டிக்குக் குறுக்கே வராத மாதிரி, வரிசைக்கு உள்ளே தள்ளி ஒரு குழி வெட்டிக் கோடையில் காயப் போடுகிறேன். மழை விழுந்ததும் உனக்குப் பிடித்த ஒரு கன்றைக் கொண்டுவந்து அதில் நீயே நடு. வருகிறபோதெல்லாம் தண்ணீர் ஊற்று, ஆடு கடிக்காமல் முள் கட்டு. நிலம் உன்னுடையதுதான். ஆனால் அதன் மேல் இன்றைக்கு உன்னுடையது என்று சொல்ல ஒரு செடிகூட இல்லை. நீ நட்டது உன்னுடையது. அது வளர்ந்து நின்ற பிறகு அதை வெட்ட நீ எந்த வியாபாரியை வேண்டுமானாலும் அனுப்பு. உனக்கு மனம் வந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
மேட்டு நிலத்தில் இருக்கும் உன் அம்மா